தண்ணீர்த் தாகமும் மாலை நேர எடையும்

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவர் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால், வீட்டில் அதை ஒரு நோய்க்குறியாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. மலாக்காவில் குருபோங், செங், டுரியான் துங்கல் பக்கத்து வெயிலுக்குத் தண்ணீர் குடிப்பது நல்லதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். சம்சு குடிக்கவில்லை, கஞ்சா இழுக்கவில்லை, பச்சைத் தண்ணீர்தானே குடிக்கிறான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதும் உண்டு. பிறகு ஒரு நாள் வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று வரிசையாக வந்து, ரத்தத்தில் சோடியம் 115-க்கு இறங்கிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்போது, தண்ணீர் இதைச் செய்யும் என்பதை நம்ப முடியாமல் குடும்பம் திகைத்து நிற்கிறது. அதற்கடுத்த நாள் முதல் குழாய்க்குப் பூட்டு, குளியலறைக்குப் பூட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டு. நான் இங்கே வாதிட விரும்புவது இதுதான்: பூட்டும் கோபமும் இந்த நோயைக் கட்டுப்படுத்தா. காலையிலும் மாலையிலும் எடை பார்த்து எழுதி வைப்பதும், அந்த எண்ணை மருத்துவரிடம் கொண்டுபோவதும் கட்டுப்படுத்தும்.

இது ஏதோ அபூர்வமான பிரச்சினை அல்ல. நாள்பட்ட மனநோயால் மருத்துவமனைகளில் இருப்பவர்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், நூறு பேரில் 6 முதல் 20 பேர் வரை அளவு மீறித் தண்ணீர் குடிப்பதாகக் காட்டியிருக்கின்றன. அவர்களில் மனச்சிதைவு உள்ளவர்களே அதிகம். மருந்துதான் இதற்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. சில மருந்துகள் வாயை உலர்த்துவது உண்மை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் 1933-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் மனநல மருத்துவமனையில் ஹாஸ்கின்ஸ், ஸ்லீப்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனச்சிதைவு நோயாளிகளின் சிறுநீரை நாள் முழுவதும் சேர்த்து அளந்து பார்த்தார்கள். அது மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. மனச்சிதைவுக்கான முதல் மருந்தாகிய குளோர்புரோமசின் 1952-இல்தான் நோயாளிகளுக்குத் தரப்பட்டது. மருந்தே இல்லாத காலத்திலும் இந்தத் தாகம் இருந்திருக்கிறது என்றால், பழியை முழுக்க மாத்திரை மேல் போடுவது சரியில்லை. அந்தப் பழியை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் எப்படி விஷமாகிறது? நம் ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். நல்ல சிறுநீரகம் மணிக்கு ஏறக்குறைய 800 மில்லி முதல் ஒரு லிட்டர் வரை தண்ணீரை வெளியேற்றும். அதற்கு மேல் வேகமாகக் குடித்தால் மிச்சம் உடம்பிலேயே தங்கும். உப்பு அளவாகப் போட்ட ரசத்தில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ரத்தத்துக்கும் ஆகிறது: உப்பு எங்கும் போகவில்லை, நீர்த்துவிட்டது. நீர்த்த ரத்தத்திலிருந்து தண்ணீர் செல்களுக்குள் நுழைகிறது. மற்ற உறுப்புகள் வீங்கினால் தாங்கிக்கொள்ளும். மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமில்லை. தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு, மயக்கம் எல்லாம் அங்கிருந்து வருகின்றன. இது மனநோய் உள்ளவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2007 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட 28 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனார். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஆரோக்கியமான உடம்பையே தண்ணீர் இப்படிப் பதம் பார்க்கும் என்றால், தண்ணீர்தானே என்ற அலட்சியத்துக்கு இடமே இல்லை.

மனச்சிதைவு உள்ளவர்களில் சிலருக்குக் கூடுதலாக இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்கிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டால், சிறுநீரை அடக்கி வைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனை மூளை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் சிறுநீரகம் மடையைத் திறக்கும். சிகாகோவில் கோல்ட்மன், லூச்சின்ஸ், ராபர்ட்சன் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு, அளவு மீறிக் குடித்துச் சோடியம் குறையும் நோயாளிகளிடம் இந்த ஹார்மோன் நிற்க வேண்டிய புள்ளியில் நிற்பதில்லை என்று காட்டியது. தாகம் எழும் புள்ளியும் அவர்களிடம் இடம் மாறியிருந்தது. மனநிலை மோசமாகும் நாட்களில் இந்த ஹார்மோன் இன்னும் கூடுகிறது. சிகரெட்டில் உள்ள நிகோட்டினும் அதைத் தூண்டிவிடுகிறது. ஆக, ஒரு பக்கம் உள்ளே வருவது அதிகம், இன்னொரு பக்கம் வெளியே போவது தடைபடுகிறது. நேற்று எட்டு லிட்டர் குடித்தும் ஒன்றும் ஆகாதவருக்கு இன்று ஐந்து லிட்டரிலேயே வலிப்பு வருவது இதனால்தான். உணவும் இதில் சேர்த்தி. சிறுநீரகம் தண்ணீரை மட்டும் தனியாக வெளியேற்ற முடியாது. கொஞ்சம் உப்பும் புரதத்தின் கழிவும் கூடவே போக வேண்டும். சோறு, கறி, பருப்பு எதையும் ஒழுங்காகத் தொடாமல் தே ஓ, ரொட்டி, தண்ணீர் என்றே காலம் தள்ளுபவருக்குத் தண்ணீரை வெளியேற்றும் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சம்சுவோ பீரோ குடித்துச் சாப்பாட்டை விட்டவர்களுக்கும் இதே கதி.

இத்தனையும் தெரிந்த பிறகு, அதிகம் குடிப்பவரைப் பார்த்தவுடனே தண்ணீரைக் குறைக்கச் சொல்லிவிடலாமா என்றால், கூடாது. முதலில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மலேசியாவில் 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம்மவர்களில் மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. அதோடு மனச்சிதைவுக்குத் தரும் ஒலன்சாபின், குளோசாபின் போன்ற மருந்துகள் எடையைக் கூட்டி இனிப்பு நீரையும் வரவழைக்கக்கூடியவை. அதனால் தாகத்துக்குக் காரணம் சர்க்கரையாக இருக்கும் வாய்ப்பு நம் வீடுகளில் மிக அதிகம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். இனிப்பு நீர் உள்ளவருக்குத் தண்ணீரை மறுப்பது ஆபத்து. லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதைவிட ஆபத்து: லித்தியம் சிறுநீரகத்தின் தண்ணீரைத் தேக்கும் திறனையே கெடுத்துவிடுவதால் அவர் உண்மையாகவே தண்ணீரை இழக்கிறார், இழந்ததற்காகக் குடிக்கிறார். அவருக்குக் குடிநீரைக் குறைத்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறி உயிருக்கே உலை வைக்கும். லித்தியத்தின் தாகத்தையும் மனச்சிதைவின் தாகத்தையும் சோடியம் பரிசோதனை பிரித்துக் காட்டும். லித்தியத்தால் வரும் தாகத்தில் சோடியம் சரியாகவோ சற்றுக் கூடியோ இருக்கும். மனச்சிதைவின் தாகம் முற்றும்போது அது குறையும். கைநடுக்கத்துக்குத் தரும் பென்ஷெக்சால் வாயை உலர்த்தும். வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் கார்பமசெபின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் தயசைடு வகை மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவை சோடியத்தை இறக்கும். இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது. ஆனால் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது குடும்பத்தின் கடமை. மனநலப் பிரிவு ஒரு சீட்டும் பொதுக் கிளினிக் இன்னொரு சீட்டும் எழுதித் தரும்போது, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் பல நேரங்களில் யாருமே இல்லை.

இனி பூட்டுக்கு வருவோம். பூட்டுபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பயத்தில் செய்கிறார்கள். ஆனாலும் அது பலிப்பதில்லை. இந்தத் தாகம் பிடித்தவர் குழாய் கிடைக்காவிட்டால் கழிவறைத் தொட்டியிலிருந்து குடிப்பார், மழை வாளியிலிருந்து குடிப்பார், குளிக்கும்போது நீர்த்தாரையைப் பார்த்து வாயைத் திறந்து நிற்பார், ஈரத் துணியைப் பிழிந்துகூட உறிஞ்சுவார். உலகெங்கும் மருத்துவமனை வார்டுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருப்பவை இவை. பூட்டிய வீட்டில் நடப்பது என்னவென்றால், கண்முன் குடித்தவர் மறைவில் குடிக்கிறார். மறைவில் குடிப்பவர் அவசரமாகக் குடிக்கிறார். அவசரமாகக் குடிப்பதுதான் சோடியத்தைச் சட்டென்று சரியவைக்கிறது. தவிர, தண்ணீர் உள்ளிருக்கும் அழுக்கைக் கழுவிவிடும் என்றோ, குடித்தால் காதில் கேட்கும் குரல் அடங்கும் என்றோ நம்பிக் குடிப்பவர் இருக்கிறார். அவரிடம் திட்டுவதும் குவளையைப் பறிப்பதும் அந்தக் குரலுக்கு வலுச் சேர்ப்பதாகவே முடியும். தாகத்துக்குத் தண்ணீர் தராத வீடு என்ற குற்ற உணர்ச்சி வேறு தாய் தகப்பனைத் தின்றுவிடும். அவர்கள் அதைச் சுமக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் கண்காணிக்க வேண்டியது குவளையை அல்ல.

கண்காணிக்க வேண்டியது எடையை. இதன் கணக்கு எளிது, ஆனால் பலருக்கும் சொல்லப்படுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அறுபது கிலோ எடையுள்ள ஆண் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. காலையில் அவருடைய சோடியம் 140 என்று வைத்துக்கொள்வோம். பகலில் 1.8 லிட்டர் தேங்கினால், அதாவது எடை 3 விழுக்காடு ஏறினால், சோடியம் 133-க்கு வரும். மூன்று லிட்டர் தேங்கினால், அதாவது 5 விழுக்காடு ஏறினால், 129. ஆறு லிட்டர் தேங்கி எடை 10 விழுக்காடு ஏறினால் 120, அதாவது வலிப்பின் வாசல். ரத்தம் எடுக்காமலே, ஊசி குத்தாமலே, குளியலறைக் கதவருகே ஒரு சாதாரண எடை பார்க்கும் கருவி இதைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் வீவெக் என்ற மனநல மருத்துவரும், சிகாகோவில் கோல்ட்மனும் லூச்சின்சும் 1980களில் இதை முறைப்படுத்தினார்கள். காலை 7 மணிக்குச் சிறுநீர் கழித்த பிறகு, பசியாறுவதற்கு முன் ஓர் எடை; மாலை 4 மணிக்கு, அதே மாதிரி லேசான உடையில் இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலை எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் எத்தனை விழுக்காடு ஏறியது என்று தெரியும். இந்த நோய் இல்லாதவர்களுக்குப் பகலில் ஏறுவது ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 3 விழுக்காட்டைத் தாண்டினால் அன்று மாலை தண்ணீரைக் குறைத்துப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 5 விழுக்காடு என்றால் ரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். அறுபது கிலோக்காரருக்கு இது 61.8, 63 என்ற இரண்டு எண்கள். சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். அந்தந்த நோயாளிக்கு எல்லை எது என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாலை எடைக்கு இவ்வளவு முக்கியம் தருவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இந்த நோயாளிகள் பகலெல்லாம் குடித்துத் தேக்கி, இரவெல்லாம் கழித்து, விடியும்போது ஓரளவு சரியாகிவிடுகிறார்கள். நம் கிளினிக்குகளில் ரத்தம் எடுப்பது பெரும்பாலும் காலையில், அதுவும் வெறும் வயிற்றில். முந்தின நாள் மாலை 124-இல் இருந்தவர் காலை 8 மணிக்கு 136 காட்டுவார். ‘ரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சீட்டில் எழுதப்படும். பரிசோதனை தவறல்ல, நேரம் தவறு. மாலை எடைகளைத் தேதி வாரியாக எழுதிய ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் மருத்துவர் மேசைக்கு வந்தால், மாலையில் ஒரு சோடியம் பரிசோதனைக்கு அவர் எழுதித் தருவார்.

எடை பார்ப்பதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நியாயமானவை இருக்கின்றன. இந்த முறை மருத்துவமனை வார்டில், தாதியர் பொறுப்பில் உருவானது. குடும்பத்தில் யார் செய்வது என்று கேட்கலாம். தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இலும் ஜொகூர் தம்போயில் 1937-இலும் தொடங்கிய பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கக்கூடியவர்கள் இன்று மலாக்காவில் தாய், தகப்பன், அக்காள் வீட்டில் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையும் இதே அடிப்படையில்தான் வளர்ந்தது: தமிழ்க் குடும்பத்தில் நோயாளியைப் பார்ப்பவர் குடும்பத்தினர்தான், ஆகவே அறிவும் அவர்கள் கைக்குப் போக வேண்டும். செங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் மாலை 4 மணிக்கு ஆள் இருக்காது என்றால், வேலை முடிந்து வந்ததும் 6 மணிக்குப் பார்க்கட்டும்; தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். சாப்பாட்டுக்கும் எடை உண்டே என்றால், உண்டு; அதனால்தான் ஒரு விழுக்காட்டுக்கு யாரும் பதறுவதில்லை. நோயாளி கருவியில் ஏற மறுத்தால் என்பதுதான் கடினமான கேள்வி. வற்புறுத்திப் பயனில்லை. மனம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் எண்ணை அவரையே எழுதச் சொன்னால், பலர் அதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லைக்குள் இருந்த நாளுக்கு அவருக்குப் பிடித்த ஒன்றைத் தருவது, ஒன்றாகக் கடைக்கு நடந்துபோவது போன்ற ஊக்கங்கள் வார்டுகளிலும் கையாளப்பட்டவைதான்.

மருந்தால் இந்தத் தாகத்தைத் தீர்க்க முடியுமா என்றால், ஒரு மருந்தைப் பற்றி மட்டும் நம்பிக்கையோடு பேசலாம். குளோசாபின் தரப்பட்ட பலரிடம் தண்ணீர் குடிப்பது குறைந்து சோடியம் சீரானதை 1990களிலிருந்து பல மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோல்ட்மனும் கனூசோவும் 1999-இல் வெளியிட்ட ஆய்வும் அதைக் காட்டியது. ஆனால் வெள்ளணுக்கள் குறையும் ஆபத்து இருப்பதால், மலேசியாவில் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்தாக வேண்டும். மலச்சிக்கலையும் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும். மற்ற மருந்துகளுக்கு வலுவான சான்று இல்லை. காக்ரேன் தொகுப்பாய்வு தேடிப் பார்த்தபோது தகுதியான சோதனைகள் இரண்டே கிடைத்தன, இரண்டிலும் சேர்த்து இருபது பேர்கூட இல்லை. டோல்வாப்டான் என்ற மருந்து சோடியத்தை ஏற்றும். ஆனால் விலை அதிகம், மருத்துவமனையில் வைத்தே தொடங்க வேண்டும், குடிக்கும் உந்துதலை அது தொடுவதில்லை. எடை பார்க்கும் முறைக்கும் பெரிய சோதனைகள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் ஒரு மருந்து பொய்த்தால் உடம்பு கெடும். எடை பார்த்தது பொய்த்தால் ஒரு ரத்தப் பரிசோதனை வீண், அவ்வளவுதான். சான்று குறைவாக உள்ள இடத்தில் கேடு குறைந்த வழியைத் தேர்வதே அறிவு என்பது என் கருத்து.

பகல் எப்படிக் கழிகிறது என்பதிலும் நிறைய இருக்கிறது. வேலை இல்லை, பேச ஆள் இல்லை, குழாய்தான் துணை என்ற நிலையில் உள்ளவருக்கு, சமூக மனநல நிலையமான மெந்தாரியின் பகல்நேரப் பயிற்சியோ, வீட்டு வாசலில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையோ குடிக்கும் நேரத்தைத் தானாகவே குறைக்கும். பெரிய குவளைக்குப் பதில் சின்னக் கிளாஸ், வாயில் ஐஸ் துண்டு, சர்க்கரை இல்லாத மிட்டாய், மூன்று வேளையும் குழம்போடு ஒழுங்கான சாப்பாடு இவை உதவும். சிகரெட்டைக் குறைப்பதும் உதவும், ஆனால் புகையை நிறுத்தினால் ரத்தத்தில் குளோசாபின் அளவு ஏறும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

கடைசியாக, ஆபத்து நேரம். சோடியம் இறங்கும்போது முதலில் வருவது பெரும்பாலும் எரிச்சல், குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு. மனநோய் முற்றிவிட்டது என்று கூடுதல் மாத்திரை கொடுப்பதும், செய்வினை என்று மந்திரிக்க அழைத்துப்போவதும் விலைமதிப்பற்ற மணி நேரங்களைத் தின்றுவிடும். வழக்கத்துக்கு மாறான குழப்பத்தோடு வாந்தியோ, தலைவலியோ, தள்ளாட்டமோ சேர்ந்தால், உடனே எடை பார்த்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். உப்புக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள். மயங்கியவருக்குப் புரையேறும், உப்பின் அளவும் தவறும். மருத்துவமனையில் சோடியத்தை ஏற்றுவது நுட்பமான வேலை: பல நாள் குறைந்திருந்ததை ஒரே நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டின் நரம்பு உறைகள் சிதைந்து நிரந்தர ஊனம் வரலாம். அதனால் எவ்வளவு நாளாக அதிகம் குடிக்கிறார், என்னென்ன மாத்திரை, கடைசி எடை என்ன என்ற மூன்றையும் அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பு வந்தால் எடைகூடப் பார்க்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.